இரண்டு பேர் கொள்ளும் படகு

என்ஜினை நிறுத்தியதும் வந்த அமைதியில் ஜெசிந்தாவின் காதில் முதலில் விழுந்தது கரண்டிகளின் சத்தம்தான். கீழே கேபினில், அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறைக்குள், படகு சாயும்போது கரண்டிகளெல்லாம் சேர்ந்து ஒரு ஓரத்துக்குப் போய் மோதின, நிமிரும்போது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தன. கடலில் கரண்டி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய பழைய படகு சிட்டில் என்ன இருந்தது, ஒரு தண்ணீர் பாட்டில், அதையும் கயிறு போட்டு மரத்தின் அடியில் கட்டிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கவிழ்கிறபோது அது ஒரு பக்கம் மிதக்கும் நாம் ஒரு பக்கம் மிதப்போம். பதினாலு அடிப் படகு அது, ஒரு ஆள் உட்காரலாம், ஒல்லியாக இருந்தால் இன்னொருவர் ஒண்டிக்கொள்ளலாம். இதில் அடுப்பு இருக்கிறது, மெத்தை இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ளும்படி ஒரு கக்கூஸ்கூட இருக்கிறது; ஐயோ, அந்தக் கக்கூஸ், இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாய் காப்பி குடிக்காமல் பட்டினியாய்க் கடலுக்குப் போனவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். கொச்சியில் ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கி, லாரியில் ஏற்றி, ஆரியங்காவு மலையைத் தாண்டித் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த இருபத்தேழு அடிப் படகு. பெயர் மந்தாரம். டாக்டர் வைத்த பெயரை மாற்ற அவளுக்கு மனசு வரவில்லை. பழைய துறைமுகத்துக்குள்ளேயே இரண்டு மாதமாக அங்குமிங்கும் ஓட்டிப் பழகியாயிற்று, இன்றைக்குத்தான் முதல் பயணம், மணப்பாடு வரைக்கும். சாயங்காலம் அங்கே நங்கூரம் போட்டுப் படகிலேயே தூங்கி, நாளைக்கோ அதற்கு அடுத்த நாளோ காற்று பார்த்துத் திரும்ப வேண்டும். பாய் வடகிழக்குக் காற்றை வாங்கி வயிறு புடைக்க நின்றது. எதிரே, கேபின் சுவரில் முதுகைச் சாய்த்து, மிதவை அங்கியின் பட்டையைத் தாடை வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் அவள் புருஷன் இன்னாசி. அவர் பேசவில்லை. கரையை விட்டதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பயமாக இருக்குமோ, வாந்தி வருதோ, எலுமிச்சம்பழம் சட்டைப்பையில் இருக்கிறது, மாத்திரை போட்டாரா என்று கேட்கலாம், கேட்டால் பேச்சு ஆரம்பித்துவிடும், வேண்டாம், முதலில் இந்தப் படகு என்ன சொல்கிறது என்று கேட்போம். அதுதான் சிக்கல், இது ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது. சிட்டு அப்படியா, வாயாடி, காற்று ஒரு இம்மி திரும்பினால் பிருஷ்டத்தின் அடியில் சொல்லிவிடும், கயிறு உள்ளங்கையைக் கிள்ளும், உடம்பைப் பின்னால் சரித்தால் நிமிரும், முன்னால் சரித்தால் முக்கும், அவள் உடம்புதான் அந்தப் படகுக்குப் பாரம், அவள் மூச்சு விட்டால் படகும் விடும். மந்தாரத்தில் அவள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு எழுந்து போனாலும் படகுக்கு அது ஒரு பொருட்டில்லை. அடியில் ஒரு டன் இரும்பு தொங்குகிறது, உன் எடை யாருக்கு வேண்டும் என்று கேட்கிற மாதிரி. சுக்கானைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. ஸ்கூட்டியிலிருந்து லாரிக்கு வந்த மாதிரி. அவளுக்குத் தெரியாததா, பீச் ரோட்டுப் பக்கம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள், எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள், வண்டி பெரிசானால் அவசரம் சின்னதாகணும் என்று, வாய் கிழியச் சொல்லியிருக்கிறாள். சொல்கிறது சுலபம். காலையில் கட்டியிருந்த இடத்திலிருந்து வெளியே எடுக்கும்போது, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த அந்தத் தோணியின் கறுத்த பக்கம் சுவர் மாதிரி வந்துகொண்டே இருந்ததே, பின்னோக்கிப் போகிற கியர் போட்டும் மந்தாரம் வந்துகொண்டே இருந்ததே, தோணிக்காரர் ஒருத்தர் பல்துலக்கிக்கொண்டே மேலேயிருந்து எட்டிப் பார்த்தாரே, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நிற்காது, நிற்காது, சிட்டானால் காலை நீட்டி உதைத்துவிடலாம், இதை உதைத்தால் கால் போய்விடும். பிறகு ஒரு முழத்துக்கு முன்னால், தானாகவே ஒரு பெருமூச்சு விட்டதுபோல, நின்றது. தோணிக்காரர் நுரை வாயோடு கையை உயர்த்தினார். இன்னாசி அப்போதும் பேசவில்லை. அவர் பேசியிருக்க வேண்டிய இடம் அது. வீட்டில் குக்கர் விசில் ஒன்று கூடுதலாக அடித்தாலே அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற மனுஷர்.

நானும் வரலாமா. திரும்பவும் அவர் அன்றைக்குக் கேட்ட அந்த வார்த்தை. தோணியைத் தாண்டி, பழைய துறைமுகத்தின் வாயைத் தாண்டி, பாய் ஏற்றி, எல்லாம் சரியாக நடந்துகொண்டிருக்கிற நேரத்தில் வந்து முள்ளில் துணி மாட்டின மாதிரி அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது மனசு. கொச்சிப் படகைப் பற்றி அவரிடம் சொன்னது அனல்மின் நிலையத்தில் அவருக்குப் பிரிவு உபசார விழா நடந்த வாரம். மாலையும் சால்வையும் இன்னும் நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். படகு பார்த்திருக்கேன், உள்ள ரெண்டு பேர் படுக்கலாம் என்று சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள், எத்தனையோ சொல்லியிருக்கலாம், பாய் புதுசு, என்ஜின் நல்ல கண்டிஷன் என்று சொல்லியிருக்கலாம், அந்த டாக்டர் போனில் சொன்னது அப்படியே வாயில் வந்துவிட்டது, இரண்டு பேர் படுக்கலாம். இன்னாசி பூண்டை உரிப்பதை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல், "நானும் வரலாமா?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் வரலாமா என்று கேட்டதில்லை. வருவார். அல்லது வரமாட்டார். ஷிப்ட் இருக்கும். அவள் உடனே வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னாள்தான். ஆனால் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது. ஒரு பூண்டுப் பல் உரிக்கிற அளவுக்கு ஒரு இடைவெளி. அவர் அதைக் கவனித்தாரா? கவனிக்காமல் இருப்பாரா, கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து முள் ஒரு கோடு நகர்ந்தால் எழுந்து நிற்கிற வேலை பார்த்தவர்.

அந்த இடைவெளிக்குள் என்ன இருந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. கிளப்பில் பெண்களுக்குப் பாய்ப்படகு கற்றுத்தருகிறோம் என்று ஒரு கோடையில் அறிவித்தபோது சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள், முதல் நாளே இரண்டு தடவை கடலில் விழுந்து, உப்புத் தண்ணீர் குடித்து, மூக்கெல்லாம் எரிய வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்று காரணமில்லாமல் சிரித்தாள். அதற்குப் பிறகு ஞாயிறு காலை அவளுடையது. அந்த நேரத்தில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், அம்மா இல்லை, மேடம் இல்லை, கிளட்ச்சை மெதுவா விடுங்க இல்லை, காற்றும் அவளும்தான். மகள் மெர்லினுக்கு அம்மை போட்டிருந்த ஞாயிறு போகவில்லை, மாமியார் இறந்த ஞாயிறு போகவில்லை, மற்றபடி எல்லா ஞாயிறும். இன்னாசியைப் பிடிக்காமல் இல்லை. அவரைப் பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். ஆனால் அவர் இருக்கிற அறையில் அவர் இருப்பார், எங்கே திரும்பினாலும் அவர் பேச்சு இருக்கும், ரேடியோ மாதிரி, ரேடியோவையாவது அணைக்கலாம். இனிமேல் ஷிப்ட் கிடையாது. காலையும் மதியமும் ராத்திரியும் அவர் வீட்டில். கடலிலும் அவர் என்றால். அப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது, வெட்கப்பட்டதும் கோபம் வந்தது, ஏன், நினைக்கக்கூடாதா, ஒரு பொம்பிளை ஒரு காலைப்பொழுதைத் தனக்கென்று நினைக்கக்கூடாதா. அப்படியானால் பெரிய படகு எதற்கு வாங்கினாய்? சிட்டிலேயே இருந்திருக்கலாமே? அங்கேதான் அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும் வந்து முட்டிக்கொண்டு நின்றது. சிட்டில் முயல் தீவைத் தாண்டிப் போக முடியாது. அதற்கு அந்தப் பக்கம் கடல் நிறம் மாறுவதை அவள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

இப்போது முயல் தீவு பின்னால் போய்க்கொண்டிருந்தது. அது போகிறதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தாள், நினைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. புதிய துறைமுகத்தின் நீளமான அலைதடுப்புச் சுவர் வலது பக்கம் முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தது, கறுப்புப் பாறைகள், மேலே ஒரு கொக்கு, ஒரு சைக்கிள், சைக்கிளுக்குச் சொந்தக்காரர் எங்கே. துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோவில் சொல்லியாயிற்று, ஒரு கப்பல் வெளியே வருகிறது, ஒதுங்கி இருங்கள் என்று பதில் வந்தது. ஒதுங்கித்தான் இருந்தாள். ஆனாலும் அது சுவரின் முனையிலிருந்து வெளியே நீண்டபோது இன்னும் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்தாள். சிவப்பாக ஒரு தெரு முழுவதும் நகர்ந்து வருகிற மாதிரி வந்தது. அதன் மேல்தட்டில் ஒரு ஆள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவு பெரிய இரும்பில் அவ்வளவு சின்ன பனியன். கப்பல் போன பிறகு அது கிளப்பிய அலை வந்தது. இதோ, இதற்குத்தான் பயந்தாள், இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டது இதற்குத்தான், சிட்டானால் இந்நேரம் கவிழ்ந்து அவள் அதன் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பாள். மந்தாரம் மூக்கைத் தூக்கியது. தூக்கி, அலையின் மேல் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, வயதான பெண் ஒருத்தி படி இறங்குவதுபோல அவசரமில்லாமல் மறுபக்கம் இறங்கியது. இரண்டாவது அலை. மூன்றாவது அலை. ஒன்றுமில்லை. சாய்ந்தது, ஒரு அளவுக்குச் சாய்ந்தது, அதற்கு மேல் மாட்டேன் என்று நின்றுகொண்டது, அந்த மாட்டேன் என்கிறதை அவள் கால்பாதத்தில் உணர்ந்தாள். சொல்லிவிட்டதே! வாயே திறக்காது என்று நினைத்த படகு ஒரு வார்த்தை சொல்லிவிட்டதே! சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்தது. ஆழம் காட்டுகிற மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது, அவள் அதுவரை மிதந்திராத ஆழம், அவ்வளவு தண்ணீரின் மேல் கரண்டியோடும் மெத்தையோடும் அவள் போய்க்கொண்டிருந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சிட்டில் இப்படித் தோன்றினால் சொல்ல ஆள் இருக்காது, அதுவும் ஒரு சுகம்தான், வாய்க்குள்ளேயே வைத்துக் கரைக்கலாம். இப்போது ஆள் இருக்கிறது. ஆள் பேச மாட்டேன் என்கிறது.

"என்ன பேசாம இருக்கிய?" என்று கேட்டாள் ஜெசிந்தா. "தலை சுத்துதா?"

இன்னாசி இல்லை என்று தலையாட்டினார்.

"பயமா இருக்கா?"

கொஞ்சம் என்று விரல்களால் காட்டினார்.

"பின்ன வாயத் தொறந்து சொல்லுததுக்கு என்ன?"

அவர் கப்பல் போன திசையைப் பார்த்தார், அலைதடுப்புச் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பேசக்கூடாதுன்னு இருக்கேன்" என்றார். "அன்னைக்கு நான் கேட்டப்ப நீ ஒடனே பதில் சொல்லல. எனக்குப் புரிஞ்சுச்சு. இவன் வந்தா வாய் ஓயமாட்டானே, கடலுக்குப் போறதே நிம்மதிக்குத்தானேன்னு நீ யோசிச்ச. நியாயந்தானே. அதான், மணப்பாடு போய்ச் சேருத வரைக்கும் ஒரு வார்த்தை பேசுததில்லன்னு மாதா முன்னால சொல்லிட்டு வந்தேன்." நிறுத்தினார். "இப்ப முறிஞ்சு போச்சு. ஒன்னாலதான்."

காலையிலிருந்து இந்த மனுஷர் வாயை மூடிக்கொண்டு, தோணியில் இடிக்கப் போனபோதும், கப்பல் வந்தபோதும், அலை வந்தபோதும், எத்தனை வார்த்தையை விழுங்கியிருப்பார், வயிறு வலித்திருக்குமே. பூண்டு உரிக்கிற நேரம் ஒரு இடைவெளி விட்டதற்கு இப்படி ஒரு நேர்ச்சையா. முதலில் நெஞ்சில் ஏதோ இளகிக் கண்ணுக்கு வந்தது, வந்து சேர்வதற்குள் அதைத் தள்ளிக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, சுக்கான் பிடியைக் கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து, மூச்சு வாங்க, படகு இரண்டு தடவை வழி தவறிப் பாய் படபடவென்று அடிக்கிற அளவுக்குச் சிரித்தாள். "மணப்பாடு வரைக்குமா? நீங்களா? மதியச் சாப்பாடு வரைக்கும் தாங்காது!" இன்னாசியும் சிரித்தார். "நானும் அப்படித்தான் நெனச்சேன். கப்பல் வந்தப்பவே போயிருக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டேன்."

"பேசுங்க" என்றாள். "தெரியாமத்தான் கேக்கேன், ஒங்களுக்கு என்னதான் சொல்லணும் போல இருந்துச்சு?"

அதற்காகவே காத்திருந்ததுபோல அவர் பேச ஆரம்பித்தார். தோணிக்காரர் பல்துலக்கினது பிரஷ்ஷாலா விரலாலா என்று தொடங்கினார். கப்பல்காரன் காயப்போட்ட பனியன் காற்றில் பறந்தால் யார் கணக்கு என்று கேட்டார். பிறகு திடீரென்று கையை நீட்டினார். "அங்க பாரு. அதப் பாரேன்." கரையில், உப்பளங்களின் வெள்ளைக்கு மேலே, அனல்மின் நிலையத்தின் புகைக்குழாய்கள் நின்றன. "அதுக்கு அடியிலதான் ஜெசி முப்பது வருசத்துக்கு மேல இருந்தேன். தலையத் தூக்கிப் பாத்தா கழுத்து வலிக்கும். இங்கேருந்து பாத்தா ஊதுவத்தி கணக்கா இருக்கு. நம்ம வீட்டுப் பீடத்துல குத்திவைக்கலாம் போல." அவர் குரலில் வருத்தமில்லை, குறையுமில்லை, ஒரு சின்ன வியப்பு மட்டும் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். ஞாயிறு ஞாயிறாக அந்தப் புகைக்குழாய்களை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள், காற்றுக்காக. அதற்கு அடியில் இவர் இருந்தார். அந்தப் புகை இவர் வேலை. இவர் அனுப்பினது என்று தெரியாமலே அதை வாசித்து வாசித்து அவள் பாயைத் திருப்பியிருக்கிறாள். இதைச் சொல்லலாமா, சொன்னால் அதற்கு ஒரு மணி நேரம் பேசுவார். சொன்னாள். "அப்படியா" என்றார் இன்னாசி, அவ்வளவுதான், ஒரே ஒரு வார்த்தை. புகையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பேசச் சொன்னால் பேசமாட்டார், பேசாதே என்றால் பேசுவார், இந்த ஆளோடு என்ன செய்வது என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு சந்தோஷம் இருந்தது, அது எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

சுவரின் முனை தாண்டியதும் தெற்கே திருப்பினாள், காற்று இடது தோளுக்குப் பின்னால் போனது, பாயை வெளியே விட்டாள், மந்தாரம் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுகிற மாதிரி மெல்ல மெல்ல வேகம் எடுத்தது. வெயில் இதமாக இருந்தது. போன வாரம் சிட்டைப் பார்த்தாள், அதை அவளிடமிருந்து வாங்கிய இளம் ஜோடி, இரண்டு பேரும் கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள், திரும்புகிறபோது பாய்க்கட்டை தலையில் இடித்து இரண்டு பேரும் ஒரே பக்கம் விழுந்து சிட்டு அப்படியே கவிழ்ந்தது. கரையில் நின்ற அவளுக்குக் கையெல்லாம் பரபரத்தது, கத்தணும் போலிருந்தது, மேலே ஏறுங்க, அடிப்பலகையைப் பிடிச்சு மிதிங்க என்று. அவர்கள் தண்ணீரில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் படகு என்று ஒரு பொறாமை சுருக்கென்று குத்தியது, சிட்டுக்கு என்னைத் தவிர யாரையும் தெரியாது என்று நினைத்திருந்தாளே, அதுவோ யாரோடும் கவிழ்ந்து யாரோடும் நிமிர்கிறது. பிறகு பொறாமை போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்புச் சத்தம் தண்ணீர் மேல் தவ்வித் தவ்விக் கரைக்கு வந்தபோது போயிருக்கும். இன்னாசி கீழே இறங்கி டீ போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடி, படகு எப்படிச் சாய்ந்தாலும் தான் மட்டும் நேராக நிற்கிறதை அவர் கண்டுபிடித்து, "ஏ, இது தெரியுமா ஒனக்கு, இது தெரியுமா" என்று உள்ளேயிருந்து சத்தம்போட்டார். இஞ்சி தட்டுகிற சத்தம். ஒரு தம்ளர் உருள்கிற சத்தம். அம்மாடி, சூடு, என்று ஒரு சத்தம். படியில் முதலில் இரண்டு தம்ளர் வந்தன, பிறகு அவர் நெற்றி, பிறகு சிரிப்பு. கூடவே காகிதப் பொட்டலத்தில் மக்ரூன். டீயில் இஞ்சி அதிகம், சர்க்கரை குறைவு, தம்ளரின் விளிம்பில் உப்பு. மக்ரூன் வாயில் நொறுங்கி முந்திரி மணத்தோடு கரைந்தது. கடலில் சூடாக ஒரு வாய் குடிக்கிறது இப்படியா இருக்கும். இத்தனை வருஷம் இது தெரியாமல் போய்விட்டதே என்று ஏங்கவும் தோன்றவில்லை, இன்றைக்குத் தெரிந்ததே போதும் என்று இருந்தது.

புன்னைக்காயல் தாண்டியதும், "நானும் பிடிச்சுப் பாக்கட்டுமா?" என்றார். இந்தத் தடவை அவள் இடைவெளி விடவில்லை. விடக்கூடாது என்று முன்பே தீர்மானித்து வைத்திருந்ததால் கொஞ்சம் அவசரமாகவே, "பிடிங்க" என்றாள். அவர் கை சுக்கான் பிடியில் வந்து உட்கார்ந்தது, அவள் கை எடுக்க வேண்டும், எடுத்தாள், எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மடியில் வைத்தாள், பிறகு கம்பியில் வைத்தாள். "மணப்பாட்டுக் குன்று இன்னும் தெரியாது. அந்தக் கோபுரத்தப் பாருங்க, திருச்செந்தூர், அதை அணியத்துக்கு, படகு மூக்குக்கு, வலது பக்கமே வச்சுக்கிடுங்க. இழுத்தா படகு எதிர்ப்பக்கம் போகும். கொஞ்சமா. கொஞ்சமாங்கேன்! திருப்பிட்டுப் பொறுங்க. அது யோசிச்சுத்தான் கேக்கும்." படகு இடதும் வலதுமாகக் குடிகாரன்போல் போயிற்று. அவள் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. காரில் அவள் பக்கம் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்கிறவர்கள் தப்புச் செய்தால் அவள் மிதிப்பாள், அந்தப் பிரேக்கை நம்பித்தான் ஊரில் பாதிப்பேருக்கு அவள் வண்டி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இங்கே பிரேக் இல்லை. மிதித்த காலின் அடியில் படகு மட்டும்தான், அதற்கடியில் கடல். வலை மிதவை ஒன்று வந்தது, அவர் பார்த்தாரா, சொல்லலாமா, பார்த்துவிட்டார், சுற்றிப் போனார், தேவைக்கு மேலேயே சுற்றிப் போனார், போகட்டும். பாய் லேசாக நடுங்கியது, அவள் வாய் திறந்தது.

"ஜெசி" என்றார் இன்னாசி, கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ இப்படிப் பக்கத்துல ஒக்காந்து என் கையவே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குக் கை நடுங்குது. கீழ போய்ப் படு. ரெண்டு நாளா நீ ஒறங்கல. எனக்குத் தெரியும்."

"நான் கீழ போய் என்ன செய்ய? நீங்க..."

"கப்பல் வந்தா கூப்புடுதேன். வல வந்தா கூப்புடுதேன். திமிங்கலம் வந்தா கண்டிப்பா கூப்புடுதேன். போ."

அவள் ஒரு தடவை சுற்றிலும் பார்த்தாள். கப்பல் இல்லை. தூரத்தில் இரண்டு வள்ளங்கள், மிகத் தூரத்தில். காற்று ஒரே சீராக இருந்தது. ஆழம் நிறைய இருந்தது. போக முடியாது என்று சொல்வதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. படியில் இறங்கி, வலது பக்க மெத்தையில், முதலில் உட்கார்ந்து, பிறகு ஒரு முழங்கையை ஊன்றி, பிறகு படுத்தாள். அவர் தடம் தப்பி ஓட்டுகிறாரா, இல்லை, ஜன்னலில் வெயில் அதே இடத்தில்தான் விழுகிறது, கொஞ்சம் நகர்கிறது, திரும்பி வருகிறது. அவர் மயக்கம் போட்டால். போட மாட்டார். விழுந்தால். பட்டையைக் கட்டியிருக்கிறார், காலையில் அவளே இழுத்துப் பார்த்தாள். அவள் திரும்பிப் போய் எடுப்பாளா, எடுப்பாள், என்ஜினைப் போட்டு, பாயை இறக்கி, வட்டமடித்து, எல்லாம் வரிசையாக வந்தது, வந்து முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து. பழகிய பயம்தான், அதுவும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நாய் படுக்கிற மாதிரி ஒரு இடத்தில் படுத்துக்கொண்டது. காதுக்குப் பக்கத்தில், ஒரு விரல் கனப் பலகைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொப்புளிக்கிற மாதிரி ஒரு சத்தம், பட்டுத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், நடுவில் யாரோ அவள் பெயரைப் பாதி சொல்லி நிறுத்துகிற மாதிரியும் இருந்தது. கடலை இப்படிக் கேட்டதில்லை. அதன் மேல்தான் இருந்திருக்கிறாள், அதற்குள் விழுந்திருக்கிறாள், பக்கத்தில் படுத்ததில்லை. தோள்கள் இரண்டும் எவ்வளவு உயரத்தில் இருந்தன என்று அவை இறங்கியபோதுதான் தெரிந்தது. மேலே இன்னாசி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், கோபுரத்திடமா, படகிடமா, அப்படித்தான், அப்படித்தான் வா, என்று. நாளைக்குத் திரும்பணும், அல்லது திரும்ப வேண்டாம், மணப்பாட்டுக்கு அந்தப் பக்கம் உவரி, உவரிக்கு அந்தப் பக்கம் கூடங்குளம், அந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"ஜெசி!"

முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"காத்து மாறுது. கெழக்கேருந்து கொண்டலாத் திரும்பிட்டு, பக்கவாட்டுல அடிக்குது. பாய் கெடந்து ஒதறுது. என்ன செய்ய?"

பாய் உதறுகிற சத்தம் அவளுக்கும் கேட்டது, படகு நிமிர்ந்து தயங்கி நின்றது. என்ன செய்ய வேண்டும் என்பது முழுசாக அவள் நாக்கில் இருந்தது. நீலக் கயிறு. கயிறு சுற்றுகிற விஞ்சில் மூன்று சுற்று. இழுத்து, பாய் சத்தம் அடங்கின இடத்தில் நிறுத்தணும், அதற்கு மேல் இழுக்கக்கூடாது. நாலு படி ஏறினால் போதும், அவளே செய்துவிடலாம், அவர் கையிலிருந்து வாங்கிச் செய்வதற்கு ஆகிற நேரத்தில் செய்து முடித்துவிடலாம். வலது கால் மெத்தையை விட்டு இறங்கித் தரையைத் தொட்டது.

"ஒங்களுக்கு என்ன தோணுதோ அதச் செய்யுங்க" என்றாள்.

பாய் மட்டும் அடித்தது. அவர் எழுந்திருக்கிற சத்தம், ஒரு கால் வழுக்குகிற சத்தம். சுக்கான் பிடியை எதனால் பிடித்திருப்பார், முழங்காலாலா, இடுப்பாலா? விஞ்ச் கிர்ரென்று ஒரு தடவை சுற்றியது, நின்றது. பாய் இன்னும் மோசமாக அடித்தது, தப்பான கயிறு, அது தப்பான கயிறு, அவள் உள்ளங்கால் தரையில் அழுந்தியிருந்தது, அப்படியே இருந்தாள், வாயைத் திறக்கவில்லை. சேச்சே, என்று மேலே ஒரு குரல். திரும்பவும் கிர்ரென்றது. கிர்ர், கிர்ர், கிர்ர். ஒவ்வொரு சுற்றுக்கும் பாயின் சத்தம் கொஞ்சம் குறைந்தது, இன்னும் கொஞ்சம், பிறகு ஒரேயடியாக அடங்கியது. மந்தாரம் வலது பக்கம் சாய்ந்தது. அவளையும் மெதுவாக உருட்டிக் கொண்டுபோய்ச் சுவரோடு சேர்த்தது, காலைத் தரையிலிருந்து எடுத்து மெத்தையில் போட்டுக்கொண்டாள், காதுக்கு அடியில் தண்ணீரின் சத்தம் மாறி நீளமாக, வேகமாக ஓட ஆரம்பித்தது.

"ஏட்டி, போகுதுட்டி!" மேலே இன்னாசி கத்தினார். "பறக்குது! நான்தான் செஞ்சேன், பாத்தியா? முதல்ல செவப்புக் கயித்த இழுத்துட்டேன், பொறவு யோசிச்சேன், இதுல பாயே கெடையாதேன்னு. பொறவு நீலம். கோபுரம் இப்ப நல்லாத் தெரியுது, ஜெசி, சுத்தி நின்னு கும்புடுத ஆளுகூடத் தெரியும் போல இருக்கு, கேக்கா?"

கேட்க வேண்டியவள் தூங்கிப்போயிருந்தாள். பதில் வரவில்லை என்பதற்காக அவர் பேச்சை நிறுத்தவுமில்லை.